மண் காத்த பொருளும் மக்கள் காத்த கதையும்: தமிழகப் புதையல் வழக்காறுகள் - ஓர் ஆய்வு

முன்னுரை

'கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போல' என்பது நம் நாட்டுப் பழமொழி. நீரை நாடித் தோண்டியவன் பூதத்தைக் காண்கின்றான். நம் காலடியில் நாம் அறியாத ஒன்று உறங்கிக் கிடக்கின்றது என்னும் எண்ணம் தமிழ் மக்களின் நெஞ்சில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்பதற்கு இப்பழமொழி ஒன்றே சான்றாகும். பாழடைந்த கோட்டை, தூர்ந்த கிணறு, ஊர்ப்புறத்து மேடு, தனித்து நிற்கும் கல் என ஏதேனும் ஓரிடத்தில் புதையல் இருப்பதாகச் சொல்லாத ஊர் தமிழகத்தில் அரிது. கதை கேட்கும் பருவத்தில் நாம் அனைவரும் இவற்றைக் கேட்டு வியந்தவர்களே. எனினும், இக்கதைகளைப் பாட்டிமார் பேச்சு என்று ஒதுக்குவோரும், முழு உண்மை என்று நம்பிக் கடப்பாரை எடுப்போரும் உள்ள அளவிற்கு, இவற்றை ஆராய்ந்து பொருள் காண்போர் இலர். இக்குறையை ஒரு சிறிதேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

புதைக்கப்பட்டது புதையல். வைக்கப்பட்டது வைப்பு. இரண்டும் செயலால் வந்த பெயர்கள். பொருள் தானே மண்ணுக்குள் செல்வதில்லை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு காரணத்தால், மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கையோடு அதனை வைத்தார் என்பதை இச்சொற்களே உணர்த்துகின்றன. எடுக்க வேண்டியவர் திரும்பி வரவில்லை என்பதே புதையல் என்னும் சொல்லுக்குள் மறைந்திருக்கும் துயரமாகும்.

பழங்காலத்து நிலக்கொடைச் சாசனங்களைப் பயில்வோர், நிலத்தோடு சேர்த்து வழங்கப்படும் உரிமைகளின் வரிசையில் 'நிதி', 'நிட்சேபம்' என்னும் சொற்களைக் காண்பர். நிலத்தின் நீர், மரம், கல் ஆகியவற்றோடு, அதன் அடியில் இருக்கக்கூடிய புதைபொருளும் கொடை பெற்றவருக்கே உரியது என்பது இதன் கருத்து. மண்ணுக்கடியில் பொருள் இருத்தல் கூடும் என்பதை ஆட்சியாளரும் ஆவணம் எழுதுவோரும் இயல்பான செய்தியாகவே கருதினர் என்பது இதனால் விளங்கும். கௌடலீயரின் அர்த்தசாத்திரமோ, புதையலைக் கண்டு சொன்னவனுக்கு ஆறில் ஒரு பங்கும், அவன் அரசப் பணியாளனாயின் பன்னிரண்டில் ஒரு பங்கும் உரியன என வகுத்துரைக்கின்றது.

சங்கப் பாடல்களில் மறைந்த நிதி

புதையல் கதை நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. அகநானூற்றில் மாமூலனார் என்னும் புலவர் பாடிய பாடல்கள் இதற்குச் சிறந்த சான்றாகும். 265ஆம் பாடலில், பொருள் தேடிப் பிரிந்த தலைவனை நினைந்து வருந்தும் தலைவி, அவன் நாடிச் சென்றது எத்தகைய பெரும்பொருள் என வினவுகின்றாள். பாடலிபுத்திரத்தில் நந்தர் திரட்டிக் கங்கையின் நீருக்கடியில் மறைத்து வைத்த செல்வமோ அது என்பது அவள் வினா. வடபுலத்து மன்னரின் மறைந்த நிதி பற்றிய ஒரு கதை, தமிழகத்துப் பெண்ணின் வாய்மொழியாக வைத்துப் பாடும் அளவிற்கு இங்கே பரவியிருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

அவரே பாடிய 127ஆம் பாடலில் சேரலாதனின் மாந்தை நகர் முற்றம் வருகின்றது. பகைவர் திறையாகத் தந்த பொற்பாவையும் வயிரமும் பிறவும் குவிக்கப்பட்டு, பின்னர் மண் தின்னுமாறு விடப்பட்டன என்று புலவர் குறிப்பிடுகின்றார். ஒரு செல்வத்தை நீர் மறைக்கின்றது. மற்றொன்றை நிலம் உண்ணுகின்றது. இரண்டு இடங்களிலும் புலவர் அச்செல்வத்தின் பெருமையைச் சொல்வது, அதனைவிடக் காதலரின் உடனுறைவே உயர்ந்தது என்பதை நிறுவுதற்கே ஆகும். புதையலைச் சொல்லிப் புதையலினும் உயர்ந்த ஒன்றை உணர்த்தும் மரபு இங்கிருந்தே தொடங்குகின்றது.

பிற்கால அறநூல்களும் இவ்வழியே செல்கின்றன. வறியவரின் கொடும்பசியைத் தீர்ப்பதே பொருள் பெற்றவன் அதனைச் சேமித்து வைக்கும் இடம் என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் கூறுகின்றார். பாடுபட்டுத் தேடிய பணத்தைப் புதைத்து வைப்போரை நோக்கி, உயிர் பிரிந்தபின் அதனை நுகர்பவர் யார் என்று நல்வழியில் ஒளவையார் இடித்துரைக்கின்றார். மண்ணில் பொருள் புதைக்கும் வழக்கம் மக்களிடையே பரவலாக இருந்தமையாலன்றோ இவ்வறிவுரை தேவைப்பட்டது!

ஊர்தோறும் வழங்கும் கதைக் கூறுகள்

நம் ஊர்களில் வழங்கும் புதையல் கதைகளைத் தொகுத்து நோக்கினால், சில கூறுகள் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம்.

முதலாவது, காவல். புதையலைப் பூதமோ நல்ல பாம்போ காக்கின்றது. இரண்டாவது, அடையாளம். அமாவாசை இரவில் ஒளி தோன்றும். செப்புக் கொப்பரைகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு நிலத்தடியில் உருண்டோடும் ஓசை கேட்கும். மூன்றாவது, அறிவிப்பு. புதையல் ஒருவர் கனவில் வந்து தன் இருப்பிடத்தைச் சொல்லும். அல்லது வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். நான்காவது, விலை. 'வரட்டுமா?' என்று கேட்கும் குரல், தலைச்சன் பிள்ளையைக் காவாகக் கேட்கும். ஐந்தாவது, இழப்பு. பேசக்கூடாத நேரத்தில் பேசியதால் கொப்பரை மீண்டும் ஆழத்திற்குச் சென்றுவிடும். உரிமையற்றவன் கையில் பொன் கரியாகவும் தேளாகவும் மாறிவிடும்.

இவை தமிழகத்திற்கு மட்டும் உரியன அல்ல. உலக நாட்டார் கதைகளின் கூறுகளைத் தொகுத்து ஸ்டித் தாம்சன் என்னும் அமெரிக்க அறிஞர் உருவாக்கிய கதைக்கூறு அடைவில், 'என்' என்னும் ஆங்கில எழுத்துப் பிரிவின் 500 முதல் 599 வரையுள்ள எண்கள் புதையலுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. கனவால் புதையலை அறிதல், புதையலுக்குக் காவல் இருத்தல், தோண்டும்போது பேசலாகாது என்னும் விலக்கு ஆகியன அங்கே தனித்தனி எண் பெற்றுள்ளன. எனவே, மனித இனத்தின் பொதுச்சொத்தாகிய ஒரு கதைக் குடும்பத்தின் தமிழ்க் கிளையையே நாம் நம் ஊர்களில் கேட்கின்றோம்.

இக்கதைகள் ஏன் தோன்றின? ஜார்ஜ் ஃபாஸ்டர் என்னும் மானிடவியலார், மெக்சிகோ நாட்டுச் சிற்றூர் ஒன்றின் புதையல் கதைகளை ஆராய்ந்து 1964ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஊரின் மொத்தச் செல்வம் வளராது, ஒருவர் உயர்ந்தால் மற்றவர் தாழ வேண்டும் என்று நம்பும் உழவர், அயலான் ஒருவன் திடீரென வளம் பெறுவதை விளக்கும் வழியாகப் புதையல் கதையைக் கொள்கின்றனர் என்பது அவர் முடிபு. நம் ஊரிலும் ஒருவர் புது வீடு கட்டினால் 'புதையல் எடுத்திருப்பான்' என்று சொல்வதை நாம் கேட்டதில்லையா? உழைப்பையோ, கடனையோ, வெளிநாட்டு ஊதியத்தையோ எண்ணிப் பார்ப்பதினும் கொப்பரையை எண்ணிப் பார்ப்பது எளிதாக இருக்கின்றது.

பூதக் காவலுக்கும் ஒரு பயன் உண்டு. பூட்டும் காவலாளும் இல்லாத காட்டு மேட்டில், அச்சமே பூட்டாக நின்று பழம் இடங்களைக் காத்தது. அவ்வச்சம் நீங்கி ஆசை மட்டும் எஞ்சும்போது என்ன நேரும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

நாடு கடந்த கதைகள்

'ஆயிரத்தோர் இரவுகள்' என்னும் அரபுக் கதைத் தொகுப்பில் ஒரு கதை உண்டு. செல்வம் இழந்த பக்தாது நகரத்து மனிதன் ஒருவன், தன் நற்பேறு கெய்ரோவில் உள்ளது எனக் கனவு காண்கின்றான். அங்கே சென்றவன் பள்ளிவாசல் ஒன்றில் துயில, திருடன் என ஐயுற்றுக் காவலர் பிடித்து அடிக்கின்றனர். அவன் கனவைக் கேட்ட காவல் தலைவன் நகைத்து, 'நானும் மும்முறை கனவு கண்டேன். பக்தாதில் இன்ன வீட்டின் நீரூற்றுக்கடியில் புதையல் உண்டாம். நான் அதை நம்பிப் புறப்படவில்லையே!' என்கின்றான். அவன் சொன்னது இவனது வீடே. திரும்பி வந்து தோண்டிப் புதையலைப் பெறுகின்றான். மௌலானா ரூமி தம் மஸ்னவியின் 6ஆம் பாகத்தில் இக்கதையை ஞானப்பொருள் தோன்ற எடுத்தாளுகின்றார். இங்கிலாந்தின் சுவாஃபம் என்னும் ஊரில், இலண்டன் பாலத்திற்குச் சென்று திரும்பும் வணிகன் ஒருவன் கதையாகவும் இது வழங்குகின்றது. தேடுவது தன் வீட்டிலேயே இருக்கின்றது. ஆனால் அதனை அறிய நெடுவழி நடக்க வேண்டியிருக்கின்றது என்பதே இதன் உட்பொருள்.

திருக்குர்ஆனிலும் புதைபொருள் பற்றிய இரு செய்திகள் படிப்பினையாக அமைந்துள்ளன. 28ஆம் அத்தியாயத்தில் வரும் காரூன், தன் செல்வம் தன் அறிவால் வந்ததெனச் செருக்குற்று, தன் மாளிகையோடு பூமிக்குள் விழுங்கப்படுகின்றான். 18ஆம் அத்தியாயத்தில் சாயவிருந்த ஒரு சுவர் செப்பனிடப்படுகின்றது. அதன் அடியில் இரு அநாதைச் சிறுவருக்கு உரிய புதையல் இருந்தமையே அதற்குக் காரணம். அவர்கள் பருவமடைந்து அதனை எடுத்துக்கொள்ளும் வரை சுவர் நிற்க வேண்டும். ஒன்றில் செருக்கனின் பொருள் மண்ணோடு மறைகின்றது; மற்றொன்றில் எளியவரின் பொருளை மண் காத்து நிற்கின்றது. புதையலை யார் எடுக்கலாம் என்பதினும், அது யாருக்கு உரியது என்பதே முதன்மையான வினா என்பதை இரண்டாம் நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கின்றது.

மண் கொடுத்த உண்மைகள்

கதைகள் இவ்வாறிருக்க, மண் உண்மையாகவே பொருள் கொடுத்த நிகழ்ச்சிகளும் பல. 1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசரின் உருவத்தின் மீது உளியால் வெட்டிய தழும்பு காணப்படுகின்றது. காசாக மீண்டும் வழங்காதிருக்க அவ்வாறு வெட்டினர் என்பர் அறிஞர். அந்தத் தழும்பு, பொன்னின் எடையைவிட மதிப்புடைய செய்தியாக வரலாற்று மாணவருக்கு விளங்குகின்றது.

நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1934 வரை ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. கடல் வணிகத்தால் செழித்த அந்நகரில் பௌத்தம் நெடுங்காலம் நிலவியதை அவை மெய்ப்பித்தன. 1987ஆம் ஆண்டு விழுப்புரம் வட்டாரத்து எசாலம் கோயில் திருப்பணியின்போது படிமங்களோடு இராசேந்திர சோழனின் செப்பேடுகளும் வெளிப்பட்டன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் தோண்டியபோது ஒரு கலத்தில் 505 பொற்காசுகள், 1.716 கிலோ எடையில் கிடைத்தன. அவற்றில் அரபு எழுத்துப் பொறிப்பு இருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. ஒரே மண்ணில் உரோமானியர் காசும், பௌத்தர் படிமமும், சோழர் செப்பேடும், அரபு எழுத்துப் பொறித்த பொன்னும் அடுத்தடுத்து உறங்கின என்பது நம் நாட்டின் பன்முக வரலாற்றுக்கு மண் எழுதித் தந்த சாசனமன்றோ!

இங்கே நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கிணறு, அடித்தளம், திருப்பணி என வேறு வேலைக்காகத் தோண்டியவர் கையில் புதையல் தானே அகப்படுவதே பெரும்பாலும் நிகழ்வது. கனவை நம்பித் தோண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2013ஆம் ஆண்டு உத்தரப்பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டத்துத் தௌண்டியா கேராவில் நிகழ்ந்தது சான்று. 1857 கிளர்ச்சியை அடுத்துத் தூக்கிலிடப்பட்ட சிற்றரசர் ஒருவரின் கோட்டையில் 1000 டன் பொன் புதைந்திருப்பதாகத் துறவி ஒருவர் கனவு கண்டார். அவ்வாண்டு அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறையே அங்கு அகழத் தொடங்கியது. பொன் கிடைக்கவில்லை, பானையோடுகளும் பழங்காலச் சிறுபொருள்களுமே கிடைத்தன.

கதை வளரும் விதத்தைக் காணத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலையும் எண்ணலாம். 2011ஆம் ஆண்டு உச்சநீதிமன்ற ஆணைப்படி அதன் நிலவறைகள் திறக்கப்பட்டுப் பெருஞ்செல்வம் வெளிப்பட்டது. ஆயினும், திறக்கப்படாத ஒரு நிலவறையைப் பற்றியே, பாம்பு காக்கின்றது என்னும் செய்தியோடு, மக்கள் மிகுதியாகப் பேசினர். கண்டு கணக்கெடுத்த பொருளைவிடக் காணாத பொருளே கதைக்கு உணவாகின்றது.

சட்டம் கூறுவது

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். மண்ணிலோ, மண்ணோடு பொருந்திய ஒன்றிலோ மறைந்திருக்கும் மதிப்புடைய எப்பொருளும் அச்சட்டத்தின்படி புதையலே. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வாயிலாக அறிவித்தல் வேண்டும். உரிமையாளர் எவரும் இலர் என உறுதியானால், கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கும், நிலத்தின் உரிமையாளருக்கு ஒரு பங்கும் சேரும். அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவும் அச்சட்டம் வழி செய்கின்றது. மறைப்பவருக்குச் சிறைத்தண்டனையும் உண்டு. இஸ்லாமியச் சட்ட மரபிலும் 'ரிகாஸ்' எனப்படும் புதைபொருளில் ஐந்தில் ஒரு பங்கு பொதுநலனுக்குரியதாக விதிக்கப்பட்டுள்ளது. கண்டவனுக்கு மட்டுமே முழு உரிமை என்று இம்மரபுகள் கூறவில்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

கல்லும் கதையும்: எம் பட்டறிவு

இவ்விடத்தில் எம் குறை ஒன்றையும் மறையாது கூறுதல் கடமையாகும். சில ஆண்டுகளுக்கு முன் நாட்டார் கதை தொகுக்கும் பொருட்டு மாணவர் சிலருடன் வடமாவட்டச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஊர்க்கோடியில் புளியமரத்தடியில் ஒரு பலகைக்கல் நின்றது. வில்லேந்திய வீரன் உருவமும், மேலே தேய்ந்த எழுத்து வரிகளும் அதில் இருந்தன. அம்மரத்தருகே குடியிருந்த மூதாட்டி ஒருவர், அக்கல்லின் கீழ் ஏழு கொப்பரை இருப்பதையும், கல்லில் நிற்பவன் அதற்குக் காவல் என்பதையும் சுவைபட எடுத்துரைத்தார். அக்கதையில் மயங்கிய நாங்கள் ஒலிநாடாவில் அதனைப் பதிவு செய்தோம். மேலும் வேறுபாடம் கிடைக்குமோ எனத் தேநீர்க் கடையிலும் சாவடியிலும், 'அந்தப் புதையல் கதை தெரியுமா?' என்று பலரையும் வினவினோம். கல்லின் எழுத்தை மறுமுறை வந்து படியெடுக்கலாம் என்று விட்டுவிட்டோம்.

மறு ஆண்டு சென்றபோது கல் மூன்று துண்டாகக் கிடந்தது. அதன் அடியில் இடுப்பளவுப் பள்ளம். எழுத்திருந்த பகுதி சிதைந்து, ஒரு சொல்லும் படிக்க இயலாததாயிற்று. பள்ளத்தில் பானையோடுகள் அன்றி வேறொன்றும் இல்லை. மூதாட்டி எம்மை நோக்கி, 'வாத்தியாரய்யா, இத்தனை வருசமா நாங்க சொல்லிக்கிட்டுதான் இருந்தோம், ஒருத்தனும் தொடலை. நீங்க வந்து கேட்ட பொறவுதான் அது நெசம்னு நெனச்சிட்டானுங்க' என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே எம்மை மிகவும் வருத்தியது.

ஆநிரை மீட்டோ, ஊர் காத்தோ உயிர் நீத்த ஒருவனுக்கு அவ்வூர் மக்கள் எடுத்த நடுகல் அது. தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் இத்தகைய கற்கள் வட்டெழுத்துப் பொறிப்போடு மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவன் பெயரும், ஊரும், அவன் வாழ்ந்த காலத்து மன்னனின் ஆட்சியாண்டும் அவ்வரிகளில் இருந்திருக்கலாம். அவ்வூரின் உண்மையான புதையல் கல்லின் கீழ் இல்லை. கல்லின் மேலேயே இருந்தது. அதனைக் கள்வரும் காணவில்லை. கற்றவராகிய நாமும் காலத்தில் எடுக்கவில்லை.

நாம் செய்ய வேண்டுவன

இதிலிருந்து யாம் கற்ற பாடங்களை மாணவர்க்கு உரைக்கின்றோம். கதை தொகுக்கச் செல்வோர் சொல்பவரின் இல்லத்திலேயே அமைதியாகக் கேட்டறிக. சந்தியில் நின்று புதையலை வினவற்க. கதையில் வரும் இடத்தைக் காணும்போது கல், எழுத்து, சிற்பம் எது இருப்பினும் அன்றே ஒளிப்படம் எடுத்து, அளவு குறித்து, தொல்லியல் துறையினர்க்கும் வருவாய்த் துறையினர்க்கும் தெரிவிக்க. கட்டுரையில் எழுதும்போது காவலற்ற இடத்தின் துல்லியமான வழியை அச்சிடாது விடுக. பொன் கிடைத்தால் உருக்குதற்கு முன், அது நாட்டின் வரலாறு என்பதை மக்களுக்கு எடுத்துரைக்க. மை போட்டுப் பார்த்துப் புதையல் காட்டுவோம், காவு கொடுத்து எடுப்போம் என்று வருவோரிடம் ஏமாந்து பொருளையும், சில வேளைகளில் உயிரையும் இழந்தோர் உண்டு. அத்தகையோர் ஊருக்குள் வந்தால் பெரியோர்கள் காவல் துறைக்கு அறிவித்தல் வேண்டும்.

முடிவுரை

இறக்கும் தறுவாயில் தந்தை ஒருவன், நிலத்தில் புதையல் உண்டென மக்களிடம் கூற, அவர்கள் நிலம் முழுவதையும் கொத்திப் புரட்டி, பொற்குடம் காணாது பொன் விளைச்சல் கண்ட கதையை நாம் இளமையில் படித்துள்ளோம். புதையல் கதைகளுள் அதுவே பொய்க்காதது. சொன்னவன் பொய்யன் அல்லன். கேட்டவர் ஏமாந்தவரும் அல்லர்.

நம் ஊர் முதியோரின் நெஞ்சில் புதைந்து கிடக்கும் கதைகளும் அத்தகைய நிலமே ஆகும். அவற்றை எடுப்பதற்குக் கடப்பாரை வேண்டா, காது போதும். ஆயின், அப்புதையலுக்கு ஓர் எல்லை உண்டு. மண்ணில் வைத்த பொன் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். மனத்தில் வைத்த கதை, வைத்திருப்பவரின் வாழ்நாள் அளவே காத்திருக்கும். எமக்கு அக்கல்லின் கதையைச் சொன்ன மூதாட்டி இன்று இல்லை. அவர் குரல் பதிந்த ஒலிநாடா எம் துறையில் உள்ளது. கல்லில் இருந்தவன் பெயர் எம்மிடம் இல்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் காக்கும் மாணவர் தலைமுறை ஒன்று உருவாகுமாயின், அதுவே இக்கட்டுரை பெறும் பயனாகும்.